தேய்ந்த தட்டும் தேயாத தட்டும்

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்தார். "மெக்கானிக்கல்காரங்க ஒருத்தரும் கட்டுரை தரலப்பா. பம்பு, பேரிங்குன்னு உனக்குத் தெரிஞ்சதையாவது எழுதிக் குடு" என்றார். பம்பைப் பற்றி எழுதினால் என் வீட்டிலேயே படிக்க ஆள் கிடையாது. ஆகவே, சம்பளம் வாங்காமல் பல வருடங்களாக நான் பார்த்து வரும் இன்னொரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். பழைய இசைத்தட்டுகள்! அவற்றைச் சேர்த்து வைப்பதா, போட்டுக் கேட்பதா என்பது உலகம் முழுக்க இசைத்தட்டுப் பிரியர்களுக்குள் ஓயாமல் நடக்கும் வழக்கு. அந்த வழக்கில் நம் போடிநாயக்கனூரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய ஊர் என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1877-இல் எடிசன் உருளையில் குரலைப் பிடித்தார். பத்து வருடம் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் அதையே தட்டையான தட்டுக்கு மாற்றினார். உருளையைப் பிரதி எடுப்பது பெரும்பாடு. தட்டு என்றால் ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். 1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக்குப் போய், தட்டுகளாகித் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை போட்டார்கள். 1928-இல் டம்டம்மில் அதைவிடப் பெரிய ஆலை.

1928 என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வர வேண்டுமே! மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்ததும் அந்த வருடம்தான். மலையில் விளைந்தது கீழே போவதற்காகப் போட்ட ரயில் அது. திரும்பி வரும்போது காலியாகவா வந்திருக்கும்? துணிமணி, மண்ணெண்ணெய், சீமைச் சாமான் என்று வந்த சரக்குகளோடு வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் இசைத்தட்டும் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராமபோன் பித்து தலைக்கேறிய காலம் சரியாக அதுதான். 1920-களின் பிற்பகுதியிலிருந்து 1930-களின் நடு வரைக்கும் என்று ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் ஹியூஸ் கணக்கிடுகிறார். நாடக மேடைப் பாட்டுகளும் கச்சேரிப் பாட்டுகளும் தட்டுகளாக வந்து குவிந்தன. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் அவர்கள், சினிமாவில் ஏவி.எம். ஆவதற்கு முன்னால், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து ஓடியன் கம்பெனி இசைத்தட்டுகளை விற்றவர். மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1926-இல், பத்து வயதில், தாயார் சண்முகவடிவு வீணை வாசிக்கத் தம் முதல் தட்டைப் பாடிக் கொடுத்தார். காப்பி ஹோட்டல்காரர்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிராமபோன் பெட்டியை வைத்துப் பாட விட்டார்கள். பாட்டு முடியும் வரை நிற்கிறவன் இன்னொரு காப்பி குடிப்பான் அல்லவா? ஆகத் தமிழ்நாட்டில் இசைத்தட்டு ஆரம்பத்திலிருந்தே ஊருக்குப் பொதுவாகப் பாடிய பொருள். ஒருவர் வாங்குவார், தெருவே கேட்கும்.

நிற்க. இசைத்தட்டு எதனால் ஆனது என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று வினைல், வினைல் என்று பேசுகிறோமே, அது 1948-இல் அமெரிக்காவில் எல்.பி. வந்த பிறகு பரவியது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு முழுக்க முழுக்க அரக்கு வியாபாரம். தபாலாபீசில் சீல் வைப்பார்களே, அதே அரக்கு. வட இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி கட்டும் கூட்டிலிருந்து எடுப்பது. அதோடு கல்மாவும் கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தினால் தட்டு. கல்மாவு எதற்கு என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிராமபோனில் ஊசி தட்டின் மேல் நூறு கிராமுக்கு மேல் எடையோடு உட்கார்ந்தது. எஃகு ஊசியின் முனை பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. தட்டில் இருக்கிற கல்மாவு முதல் சில சுற்றுகளிலேயே ஊசியைச் சாணை பிடித்து, பள்ளத்தின் அளவுக்குக் கொண்டு வந்துவிடும். ஊசி தேய்வதற்கென்றே தட்டைச் சொரசொரப்பாகச் செய்தார்கள்! அதனால்தான் ஒரு பக்கம் பாடியதும் ஊசியை எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும் என்பது விதி. நம்மாட்கள் எறிவார்களா? ஒரே ஊசியைப் பத்துப் பாட்டுக்குப் போட்டார்கள். மழுங்கி, பக்கவாட்டில் விளிம்பு கட்டிய ஊசி உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கியது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஊசி சுமார் 250 சுற்று சுற்றுகிறது. சராசரி ஆரம் எட்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு பாட்டுக்கு ஊசி நடக்கும் தூரம் ஏறக்குறைய 130 மீட்டர். இந்த 130 மீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போட்டால் தேயும். போடாவிட்டால் ஊமை. இந்த இரண்டுக்கும் நடுவில் இசைத்தட்டைப் போல் மாட்டிக்கொண்ட பொருள் வேறு இல்லை. புத்தகத்தை நூறு பேர் படித்தாலும் எழுத்து அழியாது.

1942-இல் யுத்தம் இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகத் தொட்டது. இந்தியாவிலிருந்து அரக்கு வருவது சிரமமானதால் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கு பயன்படுத்துவதை வெட்டிக் குறைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று அங்கே கடைகளில் கேட்டார்கள். எத்தனை நல்ல பதிவுகள் அரைபட்டுப் போயினவோ! அதே யுத்தத்துக்காக அதே வருடம் நம் போடி ரயில் நிறுத்தப்பட்டு, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010-இல் அகலப்பாதைக்காக மூடினார்கள். 2023 ஜூனில் சென்னை ரயில் போடிக்கு வந்ததும் நாமெல்லாம் செல்பி எடுத்துப் போட்டதும் எல்லாருக்கும் தெரியும்.

மலைக்கு வருவோம். போடியிலிருந்து முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்கள். அந்தச் சரிவுகளில் பல இடங்களுக்குக் கரண்டு வர வெகுகாலம் ஆனது. சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோனுக்குக் கரண்டு எதற்கு? சுருள்வில் இருந்தால் போதும். இந்தியா முழுக்கக் கிராமங்களில் இதே நிலைமைதான். மேல்நாட்டில் 78 சுற்றுத் தட்டை 1950-களின் கடைசியிலேயே கைவிட்டார்கள். இங்கே 1960-களின் பிற்பாதி வரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன என்றால் நம்புவீர்களா? இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடித் திரியும் அபூர்வப் பொருள் அது. நமக்குக் கரண்டு இல்லாத குறை அவர்களுக்கு லட்சக்கணக்கில் விலை போகும் புதையல்! சேகரிப்பு என்பதன் வினோதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது ரேடியோ செட்டுக் காலம். வயதில் மூத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இளைய தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் முதலில் வருகிறவர் செட்டுக்காரர். பனைமரத்திலோ வேப்பமரத்திலோ கூம்புக் குழாயைக் கட்டுவார். ஆம்ப்ளிபயர், பிளேயர், தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. கரண்டு இல்லாத இடத்துக்கு லாரி பேட்டரி. முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அதை மாற்றினால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். பெண் அழைத்து வரும்போது 'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு. மணமகள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கையில் 'சாரதா' (1962) படத்துப் பாட்டு. ராத்திரி கூட்டம் அசந்ததும் 'திருவிளையாடல்' (1965) கதை வசனம். பாட்டைக் கேட்டே மண்டபத்தில் எந்தச் சடங்கு நடக்கிறது என்று தெருக்கோடியில் இருப்பவர் சொல்லிவிடுவார். இன்னும் தாமதித்தால் பந்தி முடிந்துவிடும் என்று செருப்பை மாட்டுவார்!

பிறகு 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. பண்ணைப்புரம் நமக்கு எவ்வளவு தூரம்? இதே மலையின் அடிவாரத்தில், தேவாரம் தாண்டினால் வந்துவிடும். "நம்ம ஊர்ப் பையன் மியூசிக் போட்ட படம்" என்று அந்த ரெக்கார்டைச் செட்டுக்காரர்கள் போட்ட போட்டில் அதன் பள்ளம் பள்ளமாகவே இருந்திருக்காது.

கேசட் வந்ததும் செட்டுக்காரர்களின் பெட்டி பரணுக்கு ஏறியது. ஆனால் இன்னொரு வகை ஆள் முளைத்தார்: ரெக்கார்டிங் சென்டர்காரர். இவர் எல்.பி. வாங்குவார்; உறையிலிருந்து பூப்போல எடுப்பார்; நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்படி உங்கள் கேசட்டில் பதிவு செய்து தருவார்; திரும்ப உறையில் போட்டு அலமாரியில் நிறுத்துவார். ஒருவரையும் தொட விடமாட்டார். 1990-களின் நடுவில் இந்தியாவில் எல்.பி. அச்சு ஓய்ந்துபோனது. இன்று பெருநகரங்களில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகும் எண்பதுகளின் இளையராஜா எல்.பி.கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அலமாரிகளிலிருந்து வந்தவை. ஊர்ஊராகப் போய் வெயிலில் பாடிய தட்டுக்கு விலையில்லை.

இங்கேதான் என் சாட்சி கூண்டில் ஏறுகிறார். போடியில் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற ஒரு செட்டுக்காரர். அவர் காலமான பிறகு, அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, வெளியூர்லருந்து ஒருத்தர் வந்து ரெக்கார்டெல்லாம் பாத்துட்டுப் போனாரு. அறுநூத்துச் சொச்சம் இருக்கு. அதுல நாப்பதுக்கு நல்ல வெல குடுக்குறேங்குறாரு. மிச்சத்த எடைக்குத்தான் போடணுமாம். நீங்கதான் இதுல கிறுக்காச்சே, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். வந்தவர் நியாயமான வியாபாரி. அவர் ஒதுக்கிய நாற்பதும் உண்மையிலேயே நல்ல தட்டுகள். அவற்றில் சிலவற்றில் ஊசி பட்ட அடையாளமே இல்லை. ஏன் தெரியுமா? யாருக்கும் பிடிக்காத படத்துப் பாட்டு, அல்லது திருவிழாவுக்கு ஒத்துவராத கச்சேரிப் பாட்டு. ஓடாத படத்தின் தட்டு ஓடாமலே பிழைத்துக்கொண்டது. ஊர் முழுக்க விரும்பிக் கேட்ட பாட்டெல்லாம் எடைக்குப் போகிற கட்டில் இருந்தது.

சேகரிப்பாளர் உலகத்தில் தரம் பிரிக்கும் முறை உண்டு. துளி குறையில்லாதது முதல் தரம். கீறல், தேய்மானம், உறைக் கிழிசல், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கீழே. லேபிளிலோ உறையிலோ யாராவது பேனாவால் எழுதியிருந்தால் அதுவும் குறைதான். நாம் ஏலக்காயைச் சல்லடையில் விட்டு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரிப்பது மாதிரி. இந்தச் செட்டுக்காரரோ எழுதாத உறையே கிடையாது! நீல மையில், பென்சிலில், சில இடங்களில் கரிக்கட்டியில்கூட. "பொண்ணழைப்பு". "பந்திக்கு". "சாமி எறங்குற நேரம் போடாத". "சிலமலை, ரெண்டாம் நாள்". "ராசிங்காபுரம், மூணு தடவ கேட்டாங்க". "குரங்கணி, மழை". ஒரு தட்டின் உறையில் ஒரு பெயரை அடித்துவிட்டு, "இவுக வீட்டுக்கு இந்தப் பாட்டு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். என்ன துக்கமோ, என்ன சண்டையோ!

'பாசமலர்' தட்டின் உறையில் வெறும் கோடுகள். நான்கு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும், கடைக்காரர் கணக்கு மாதிரி. எண்ணிப் பார்த்தேன். 212. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கோடு என்று அண்ணன் சொன்னார். 212 முறை 130 மீட்டர் என்றால் இருபத்தேழரைக் கிலோமீட்டர். போடி ஊருக்குள்ளிருந்து போடிமெட்டுக்குப் பஸ் ஏறுகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தட்டு இப்போது கறுப்பாகவே இல்லை, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அதே பாட்டு இணையத்தில் பளிங்கு மாதிரிக் கேட்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் 212 வீடுகளில் அது ஒலித்தது என்று சொல்ல அந்தச் சாம்பல் தட்டையும் அதன் உறையையும் விட்டால் வேறு பத்திரம் கிடையாது.

இன்னொரு உறை. மேலே சரிவில் இருக்கிற ஒரு சின்னக் குடியிருப்பின் பெயர். அதன் கீழே, "கரண்டு வந்த அன்னைக்கு மொதப் பாட்டு". தேதி எழுதியிருந்த இடத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது. "தை" என்பது மட்டும் மிச்சம். ஓர் ஊருக்கு வெளிச்சம் வந்த நாள்! வியாபாரி கையில் போனால், முதல் வேலையாகப் பழைய உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது பிளாஸ்டிக் உறை போடுவார். அவர் தொழிலில் அது சரியான காரியமும்கூட.

ஆக, நான் போடுகிறவர் கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேர்த்து வைத்த கிறுக்கர்கள் இல்லாவிட்டால் நாம் எவ்வளவோ இழந்திருப்போம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதில், காலமானார். சினிமாவில் அவர் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி இசைத்தட்டுதான். 1938-இல் மறைந்த வீணை தனம்மாள் விட்டுப் போன தட்டுகள் கொஞ்சமே. இவற்றையெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்த யாரோ ஒரு புண்ணியவானை அன்றைக்கு வீட்டில் திட்டித்தான் இருப்பார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் 78 தட்டுகளைச் சேர்த்து, திரையிசை வரலாற்றை அதிலிருந்தே எழுதியவர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் உறுப்பினர்கள் வீட்டிலிருந்த தட்டுகளைத் திரட்டியது. அதன் சுரேஷ் சந்த்வன்கர் முயற்சியில், யங் இந்தியா, ஓடியன் ஆகிய கம்பெனிகளின் பழைய பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தின் கீழ்க் கணினியில் ஏறின. ஓடியன் என்றால் மெய்யப்பன் விற்ற அதே ஓடியன்!

நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம், கட்டப்பனை, வாகமண், ஈராற்றுப்பேட்டை என்று மலையைக் குறுக்கே தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், கோட்டயம் மாவட்டத்தில் பிளாசனால் என்ற சிற்றூர். கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சன்னி மாத்யூ 2015-இல் அங்கே 'டிஸ்க்ஸ் அண்ட் மெஷின்ஸ்' என்ற கிராமபோன் அருங்காட்சியகம் திறந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகள், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிராமபோன்கள். இவர் எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல. வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்துப் பாட வைத்துக் காட்டுகிறார். ஒரு லட்சம் வைத்திருப்பவருக்கு ஒன்று தேய்ந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றே ஒன்று வைத்திருந்தும் போட மனமில்லாதவர்களைப் பார்த்திருக்கிறேனே!

மேல்நாட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சி.டி.யைத் தாண்டி விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆனால் லுமினேட் என்ற நிறுவனத்தின் கணக்குப்படி, அங்கே தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருக்கிறது. மீதிப் பேர் உறையைச் சுவரில் மாட்டுகிறார்களா, விலையேறட்டும் என்று காத்திருக்கிறார்களா? நம் ஊரில் ஏலக்காயை விலை வரட்டும் என்று இருப்பு வைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கறுப்பு பாலிதீன் போட்டு எவ்வளவு பத்திரமாகக் கட்டினாலும் பச்சை ஒருநாள் வெளுக்கும், மணம் குறையும். தட்டில் அந்தத் தொல்லை இல்லாததால் அவர்கள் நிம்மதியாகக் காத்திருக்கலாம் போலிருக்கிறது. இந்தியாவிலும் 2024-இல் மும்பைப் பக்கம் வினைல் அச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

எஞ்சினியர் என்ற முறையில் இரண்டு விஷயங்களை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்று, தேய்ந்த தட்டு செத்த தட்டு அல்ல. பழைய ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசித் தேய்த்திருக்கும். கொஞ்சம் பருத்த முனையோ கொஞ்சம் மெலிந்த முனையோ போட்டால், அது தேயாத இடத்தில் உட்கார்ந்து பாடும். அதனால்தான் பழைய தட்டுகளைப் பிரதி எடுப்பவர்கள் பல அளவில் ஊசி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் பேரிங் தேய்மானத்தை அதிர்வில் பிடிப்பதுதான் என் வேலை. இதுவும் அதே வித்தைதான், பாட்டு கேட்கிறது என்பது கூடுதல் லாபம். இன்னொன்று, ஊசியே படாமல் கேட்கவும் வழி வந்துவிட்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளர், துகள் இயற்பியலுக்காக உருவான படமெடுக்கும் நுட்பத்தை இதற்குத் திருப்பினார். பள்ளத்தை நுண்ணியதாகப் படம் எடுத்து, அந்த நெளிவைக் கணினி ஒலியாக மாற்றுகிறது. உடைந்த தட்டுகூடப் பாடுகிறது. அந்தக் கருவி நம் கைக்கு எட்டாத விலை. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் தம்பிகள் இறுதி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், ஸ்கேனரை வைத்து இதில் ஒரு சிறு பங்காவது செய்து பார்க்கலாம்.

அந்த அறுநூற்றுச் சொச்சம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாற்பதையும் வியாபாரிக்கே கொடுத்துவிடச் சொன்னேன். அண்ணனுக்குப் பெண் கல்யாணச் செலவு இருந்தது. ஓடாத தட்டைப் போற்றி வளர்க்க வேறு ஆள் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் உறைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். வியாபாரிக்கும் அதில் வருத்தமில்லை. மிச்சம் அவர் வீட்டு மாடியில் இருக்கிறது. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பத்துப் பத்தாக எடுத்து, உறையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பாட்டை ஒரே ஒரு முறை போட்டுக் கணினியில் ஏற்றி வருகிறேன். இதுவரை நூற்றெழுபது முடிந்திருக்கிறது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கொரகொர சத்தத்துக்கு நடுவே, "இது அணைக்கரைப்பட்டி பொங்கல்ல போட்டது, அப்பா கூட நானும் போனேன்" என்று சொல்வதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஆகவே வேகம் பிடிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். போடி, தேவாரம், சின்னமனூர், கம்பம் பக்கத்து நண்பர்களே, மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களே, பரணில் ரெக்கார்டு இருந்தால் விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: லேபிளில் இருக்கும் பெயர், கம்பெனி எண், லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பொறித்திருக்கும் சின்ன எண், உறையில் யார் என்ன கிறுக்கியிருந்தாலும் அது. தட்டைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். ஏலக்காய் ஸ்டோர் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். காய் காய்கிற சூட்டில் வினைல் அப்பளமாக வளைந்துவிடும். எல்.பி. ஊசியில் 78 தட்டைப் போடாதீர்கள். அந்த முனை ரொம்ப மெலிசு, பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் கிளறும். சுத்தம் செய்ய டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். லேபிளில் ஈரம் படக்கூடாது. முக்கியமாக, 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பாட்டு துணியோடு வந்துவிடும்.